பிசினஸ் டிகிரி படித்தால் நிதிச் சுதந்திரம் வருமா? கணக்குப் போட்டு முடிவெடுப்பது எப்படி

அக்கா மகனுக்கு 25 வயது. போன மாதம் வந்து உட்கார்ந்தான். "மாமா, வேலையை விட்டுட்டு எம்பிஏ சேரலாம்னு இருக்கேன். 45 வயசுல, வேலைக்குப் போயே ஆகணும்ங்கிற கட்டாயம் இருக்கக் கூடாது" என்றான். நல்ல ஆசைதான். ஆனால் முதல் வாக்கியம் எப்படி இரண்டாவதில் கொண்டுபோய் விடும் என்று கேட்டேன். அவனிடம் பதில் இல்லை. ஒரு நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டோம். அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: இலக்கைத் தொகையாக எழுதுங்கள்

நிதிச் சுதந்திரம் என்றால், சேர்த்து வைத்த பணமே உங்கள் செலவைத் தாங்குவது. அதற்கு எவ்வளவு வேண்டும்? வில்லியம் பெங்கென் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994-இல் பழைய சந்தைக் கணக்குகளை வைத்து ஆராய்ந்தார். முதல் வருடம் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகையை உயர்த்திக்கொண்டே போனாலும், பணம் 30 வருடமாவது தாங்கும் என்று கண்டார். அதைத் திருப்பிப் போட்டால் வருடச் செலவைப் போல 25 மடங்கு. அது அமெரிக்கச் சந்தையின் வரலாறு. 45 வயதில் ஓய்வு என்றால் 30 வருடமும் போதாது. அதனால் நான் 28, 30 மடங்கு என்று சற்றுக் கூட்டியே வைப்பேன். முதல் கணக்குக்கு 25 போதும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தத் தொகையை நிர்ணயிப்பது உங்கள் செலவு. சம்பளம் இதில் வரவே இல்லை.

படி 2: படிப்பின் முழு விலையைப் போடுங்கள்

கட்டணம் மட்டுமே விலை என்று பலர் நினைக்கிறார்கள். வேலையை விட்டுப் படித்தால் அந்த இரண்டு வருடச் சம்பளமும் போகிறது. அக்கா மகனின் எண்களை எளிமையாக்கித் தருகிறேன். எந்த நாணயமாகவும் வைத்துக்கொள்ளலாம். கையில் வரும் சம்பளம் வருடத்துக்கு 6 லட்சம், செலவு 4 லட்சம். இரண்டு வருடத்துக்கும் சேர்த்துப் படிப்புக் கட்டணம் 8 லட்சம். இழக்கும் சம்பளம் 12 லட்சம். ஆக, படிப்பின் விலை 20 லட்சம்.

பள்ளி முடித்து நேராக பிபிஏ (இளங்கலை பிசினஸ் டிகிரி) சேர நினைப்பவர்களுக்கு இழக்கும் சம்பளம் குறைவு. அவர்கள் ஒப்பிட வேண்டியது, அதே வருடங்களில் வேறு என்ன படித்திருக்கலாம் என்பதோடு.

படி 3: பாதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

எக்செல் ஷீட்டில் வருடத்துக்கு ஒரு வரி. போன வருட இருப்பு × 1.05 + இந்த வருடச் சேமிப்பு. விலைவாசி போக 5 சதவீதம் வளர்ச்சி என்று வைத்திருக்கிறேன்; இது அனுமானம், உறுதி அல்ல. படிப்புக்கு வாங்கும் கடனின் வட்டியையும் அதே அளவில் வைத்தேன். உங்கள் வங்கி கேட்கும் வட்டியைப் போட்டுப் பாருங்கள். தொடக்க இருப்பு பூஜ்யம்.

முதல் பாதை: படிக்கவே இல்லை. வருடம் 2 லட்சம் சேமிப்பு, இலக்கு 1 கோடி (செலவு 4 லட்சம் × 25). சுமார் 26 வருடம் ஆகிறது.

இரண்டாவது: எம்பிஏ முடித்துச் சம்பளம் 10 லட்சம், செலவு அதே 4 லட்சம். படிக்கும்போது கட்டணமும் வீட்டுச் செலவுமாக வருடம் 8 லட்சம் கழியும். அப்புறம் வருடம் 6 லட்சம் சேரும். படிக்கும் காலத்தையும் சேர்த்து 17 வருடத்துக்குச் சற்று மேல்.

"பார்த்தீங்களா மாமா!" என்றான். சரி, இன்னொரு வரிசை போடு என்றேன்.

மூன்றாவது: அதே எம்பிஏ, அதே 10 லட்சம். ஆனால் செலவு 6 லட்சமாகிறது. பெரிய வீடு, கார், கூட வேலை செய்பவர்களுக்கு ஈடான வாழ்க்கை. இப்போது சேமிப்பு 4 லட்சம்தான். இலக்கோ 1 கோடியிலிருந்து 1.5 கோடியாகிவிட்டது. 28 வருடத்துக்கு மேல். படிக்காமலே இருந்திருந்தால் இதைவிட முன்னதாகவே சேர்ந்திருப்பான்.

அவன் அந்தக் கட்டத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். செலவு ஏறினால் அடி இரண்டு பக்கமும் விழுகிறது: சேமிப்பு குறைகிறது, இலக்கும் தள்ளிப் போகிறது. இந்த முடிவில் பட்டத்தைவிடப் பெரிய விஷயம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

நான்காவது ஒன்றும் போட்டோம். வேலையை விடாமல், பகுதிநேரப் படிப்போ சான்றிதழோ முடித்து, சம்பளத்தை 1 லட்சம் மட்டும் உயர்த்துவது. கட்டணம் சின்னது என்று விட்டுவிட்டோம். செலவு மாறாமல் வருடம் 3 லட்சம் சேமித்தால் சுமார் 20 வருடம். அதாவது அவன் கேட்ட 45 வயது.

படி 4: பட்டம் எந்தக் கதவைத் திறக்கிறது?

மேலே போட்ட 10 லட்சம் உண்மையில் வருமா என்பது இதைப் பொறுத்தது. படிப்பு திறமையை வளர்ப்பதால் சம்பளம் கூடுகிறது என்றார் பொருளாதார அறிஞர் கேரி பெக்கர். மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் வேறு கோணத்தில் எழுதினார்: யார் திறமைசாலி என்று முதலாளிக்கு வெளியிலிருந்து தெரியாது, பட்டம் அதற்கு ஓர் அடையாளமாக வேலை செய்கிறது. இருவருக்குமே நோபல் பரிசு கிடைத்தது, பெக்கருக்கு 1992-இல், ஸ்பென்ஸுக்கு 2001-இல்.

இதை உங்களுக்குப் பொருத்திப் பாருங்கள். ஆலோசனை நிறுவனங்களிலும் முதலீட்டு வங்கிகளிலும் பட்டமும் கல்லூரிப் பெயரும்தான் பெரும்பாலும் வாசல். அங்கே போக ஆசை என்றால் அடையாளத்துக்குக் காசு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. சொந்தத் தொழில் தொடங்கப் போகிறவரிடம் எந்த வாடிக்கையாளரும் சான்றிதழ் கேட்பதில்லை. அவருக்கு வேண்டியது திறமை. கணக்குப் பதிவு, விலை நிர்ணயம், பணப்புழக்கம் எல்லாவற்றையும் குறைந்த செலவில் கற்கலாம். எம்ஐடி 2001-இல் அறிவித்த ஓப்பன்கோர்ஸ்வேர் தளத்தில் மேலாண்மைப் பாடங்களும் இலவசமாகவே கிடைக்கின்றன.

நீங்கள் விரும்பும் பதவிக்கு இருபது வேலை விளம்பரங்களை எடுங்கள். எத்தனையில் பட்டம் கட்டாயம், எத்தனையில் அனுபவம் போதும் என்று கோடு போட்டு எண்ணுங்கள்.

படி 5: கல்லூரி சொல்லும் சராசரியை நம்பாதீர்கள்

பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு 8 லட்சம், ஒருவருக்கு 50 லட்சம் என்றால் சராசரி 12.2 லட்சம். அந்தச் சம்பளம் ஒருவருக்குக்கூடக் கிடைக்கவில்லை! இடைநிலைச் சம்பளம் (எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம்) என்ன, எத்தனை பேர் வேலையே கிடைக்காமல் கணக்கிலிருந்து விடுபட்டார்கள் என்று கேளுங்கள். படித்து முடித்து ஐந்து வருடம் ஆன, வகுப்பில் நடுவில் இருந்த இரண்டு பேரிடம் பேசுங்கள். முதல் மாணவரின் கதை உங்களுக்கு உதவாது.

படி 6: ஒரு மாதம் ருசி பாருங்கள்

பங்குச் சந்தையில் உள்ள ஏதாவது ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை இறக்குங்கள். ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்), இலாப நட்டக் கணக்கு, பணப்புழக்க அறிக்கை மூன்றையும் பொறுமையாகப் படியுங்கள். இலாபம் காட்டும் நிறுவனத்தின் கையில் ஏன் பணம் இல்லை என்ற கேள்வி உங்களைத் தூங்கவிடாமல் செய்தால், இந்தப் படிப்பு உங்களுக்கு ஒத்துவரும். இரண்டாவது பக்கத்திலேயே சலித்தால், இரண்டு வருடம் அதோடு எப்படி இருப்பது என்று யோசியுங்கள்.

அக்கா மகன் இன்னும் முடிவெடுக்கவில்லை. பட்டியலில் இருந்த மூன்று கல்லூரிகளில் ஒன்றை அடித்துவிட்டான். மற்ற இரண்டிலும் படித்தவர்களில் யாரிடம் பேசுவது என்று தேடிக்கொண்டிருக்கிறான். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறான்: "படிப்பு முடிஞ்சும் மூணு வருஷம் செலவு 4 லட்சம்தான்." அதற்குக் கீழே தேதி போட்டு, என்னிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டான்.