அஞ்சு வவலும் இருக்கிற நீளமான இங்கிலீஷ் வார்த்தைகளை எக்செல்ல தேடி எடுக்கிறது எப்படி?

ஏ, ஈ, ஐ, ஓ, யூ அஞ்சும் ஒரே வார்த்தைக்குள்ள இருக்கணும்னு யாராவது கேட்டா முதல்ல வாயில வர்றது எஜுகேஷன் தான், கொஞ்சம் யோசிச்சா ஈக்வேஷன், காலிஃபிளவர், நிமோனியா வரைக்கும் வரும், பெரும்பாலும் அதோட நின்னுடும். ஆனா 15 எழுத்து, 20 எழுத்துன்னு நீளமா வேணும்னா மண்டையைக் கசக்கி பிரயோஜனம் இல்ல. ஒரு வேர்ட் லிஸ்ட்டும் எக்செல்லும் இருந்தா நீங்களே தேடி எடுத்துடலாம், கோடிங் ஒண்ணும் தெரிய வேண்டாம். எழுத்தைப் போட்டா வார்த்தை தர்ற சைட்டு நிறைய இருக்கு, இருந்தாலும் நானே தேடுறதைத்தான் விரும்புவேன், ஏன்னா நமக்குத் தோணுற கேள்வியை நம்ம இஷ்டத்துக்கு மாத்தி மாத்தி கேட்டுப் பார்க்கலாம், அதுல கிடைக்கிற சந்தோஷமே வேற.

முதல் ஸ்டெப், லிஸ்ட். எனேபிள்னு ஒரு வேர்ட் லிஸ்ட் இருக்கு, பப்ளிக் டொமைன், யார் வேணா ஃப்ரீயா எடுத்துக்கலாம். வேர்ட்ஸ் வித் ஃப்ரெண்ட்ஸ் கேம் கூட இதை அடிப்படையா வச்சு வந்தது தான். 1,70,000 வார்த்தைக்கு மேல இருக்கும், ஒரு வரிக்கு ஒரு வார்த்தை, சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். டவுன்லோட் பண்ணி நோட்பேட்ல திறந்து மொத்தமா செலக்ட் பண்ணி காப்பி எடுத்துக்கோங்க.

ரெண்டாவது, எக்செல்ல ஒட்டுறது. புது ஷீட்ல முதல் வரியை தலைப்புக்கு விட்டுட்டு முதல் காலம்ல (மேலிருந்து கீழா போற நெடுவரிசை) ரெண்டாவது செல்லுல பேஸ்ட் பண்ணுங்க. ஒரு ஷீட்டுக்கு 10,48,576 வரி வரைக்கும் இடம் இருக்கு, அதனால லிஸ்ட் கொள்ளுமோன்னு பயப்பட வேண்டாம், பழைய லேப்டாப்னா கொஞ்சம் திணறும், அவ்வளவு தான். அடுத்து அதே காலமை அப்படியே பக்கத்துல இன்னும் ரெண்டு தடவை காப்பி பண்ணுங்க. ஒரே லிஸ்ட் எதுக்கு மூணு தடவைன்னா, எக்செல் ஃபில்டர்ல ஒரு காலமுக்கு ரெண்டு கண்டிஷன் தான் குடுக்க முடியும், நமக்கு அஞ்சு எழுத்து இருக்கு, ரெண்டு ரெண்டு ஒண்ணுன்னு பிரிச்சா மூணு காலம் ஆச்சு.

நாலாவது காலம் நீளத்துக்கு. ஈக்வல் டு போட்டு லென்னு (எல், ஈ, என்) டைப் பண்ணி ப்ராக்கெட்டுக்குள்ள முதல் காலம்ல இருக்கிற செல்லை க்ளிக் பண்ணி என்டர் அடிங்க, எத்தனை எழுத்துன்னு நம்பர் வரும், அந்த செல்லோட ஓரத்துல இருக்கிற குட்டி சதுரத்தை டபுள் க்ளிக் பண்ணா கடைசி வரைக்கும் தானா நிரம்பிடும். இங்க ஒரு நிமிஷம் நின்னு தெரிஞ்ச வார்த்தை ஒண்ணை எண்ணிப் பாருங்க, பூனைக்கான கேட்டுக்கு 3-க்கு பதிலா 4 காட்டுச்சுன்னா பின்னாடி கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கிட்டிருக்குன்னு அர்த்தம், ட்ரிம் ஃபங்ஷன் போட்டா போயிடும்.

மூணாவது ஸ்டெப்ல தான் விஷயமே இருக்கு. நாலு காலமுக்கும் மேல தலைப்பு போட்டு, டேட்டா மெனுல ஃபில்டரை ஆன் பண்ணுங்க. முதல் காலமோட அம்புக்குறியை அழுத்தி டெக்ஸ்ட் ஃபில்டர்ஸ், அதுக்குள்ள கன்டெய்ன்ஸ். முதல் கட்டத்துல யூ, நடுவுல அண்ட்னு இருக்கறதை மாத்தாம, ரெண்டாவது கட்டத்துல ஓ. இது ரெண்டையும் முதல்ல போடச் சொல்றதுக்கு காரணம் இருக்கு, அஞ்சு வவல்ல ரொம்ப அரிதா வர்றது யூ தான், எழுத்துக் கட்டைகளை அடுக்கி வார்த்தை சேர்க்கிற ஸ்க்ராபிள் கேம் டப்பால ஈ 12 கட்டை இருக்கு, ஏ 9, ஐ 9, ஓ 8, யூ மட்டும் 4 தான். யூ போட்ட உடனே லிஸ்ட் எவ்வளவு சுருங்குதுன்னு பாருங்க, பாதிக்கு மேல காணாமப் போயிடும். அடுத்து ரெண்டாவது காலம்ல ஏ, ஐ, மூணாவதுல ஈ.

அப்புறம் நீளம் காலம்ல பெரிசுல இருந்து சின்னதுக்கு சார்ட் பண்ணுங்க. மேல வந்து நிக்கிறது பூரா மெடிக்கல், கெமிஸ்ட்ரி வார்த்தையா இருக்கும், இம்யூனோஎலக்ட்ரோஃபோரெட்டிக்கலி மாதிரி, அது மட்டுமே 25 எழுத்து. எனக்கு அதை விட கொஞ்சம் கீழ வர்றது தான் பிடிக்கும், கவுன்ட்டர்ரெவல்யூஷனரி 20 எழுத்து, டெலிகம்யூனிகேஷன் 17, அன்கொஸ்சனபிளி 14, எல்லாம் பேப்பர்ல படிக்கிற வார்த்தை, அஞ்சு வவலும் உள்ள இருக்குன்னு கவனிச்சிருக்கவே மாட்டோம். கம்யூனிகேஷன்ல ஈ கிடையாது, அதனால வராது, ஆனா கம்யூனிகேட் வரும். கங்கிராஜுலேஷன்ஸும் ஈ இல்லாம மாட்டிக்கும்.

நீளத்துக்கு பேர் போனதெல்லாம் கூட இந்த ஃபில்டர்ல தேறாது. ஆன்ட்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம் 28 எழுத்து, அதுல ஓவும் இல்ல யூவும் இல்ல. ஃப்ளாக்சினாசினிஹிலிபிலிஃபிகேஷன் 29 எழுத்து, ஒரு ஈ கூட கிடையாது. எலக்ட்ரோஎன்செஃபலோகிராஃபிக்கலி 27 எழுத்து, யூ இல்லாததால அவுட். நிமோனோன்னு ஆரம்பிக்கிற அந்த 45 எழுத்து நுரையீரல் நோய் பேர்ல அஞ்சும் இருக்கு, ஆனா அது 1935 வாக்குல புதிர்க்காரங்க நீளத்துக்காகவே உருவாக்கினது, எனேபிள்ல தேடினாலும் கிடைக்காது.

இப்போ நாலாவது ஸ்டெப், எனக்கு ரொம்ப பிடிச்சது. போட்ட ஃபில்டரை எல்லாம் க்ளியர் பண்ணிட்டு முதல் காலம்ல மட்டும் கன்டெய்ன்ஸ்ல ஏ, நட்சத்திரக் குறி, ஈ, நட்சத்திரக் குறி, ஐ, நட்சத்திரக் குறி, ஓ, நட்சத்திரக் குறி, யூன்னு இடைவெளி விடாம டைப் பண்ணுங்க. நட்சத்திரக் குறின்னா நடுவுல எது வேணா வரலாம்னு அர்த்தம். ஃபசீஷியஸ், ஆப்ஸ்டீமியஸ் ரெண்டும் வந்து நிக்கும், அஞ்சு வவலும் வரிசையா ஒவ்வொரு தடவை மட்டும். கூடவே அட்வென்டிஷியஸ் மாதிரி ஐ ரெண்டு தடவை வர்றதும் வரும், அதை கண்ணால பார்த்து ஒதுக்கிடுங்க. அதே மாதிரி தலைகீழா யூ, ஓ, ஐ, ஈ, ஏன்னு போட்டுப் பாருங்க, அன்காம்ப்ளிமென்டரி, சப்கான்டினென்டல்னு கிடைக்கும், நம்ம துணைக்கண்டத்துக்கான வார்த்தைக்குள்ளயே இந்த வரிசை ஒளிஞ்சிருக்குன்னு பார்த்தப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க, நம்ம ஊர்ல எழுதுறது பிரிட்டிஷ் ஸ்பெல்லிங். பிஹேவியர், ஃபேவரிட் ரெண்டையும் நம்ம மாதிரி எழுதினா அஞ்சு வவலும் இருக்கும், அமெரிக்க ஸ்பெல்லிங்ல யூ விழுந்துடும். அதனால ஒரு வார்த்தை வரலைன்னா ஃபில்டர் தப்புன்னு உடனே முடிவு பண்ணாம அந்த லிஸ்ட் எந்த ஸ்பெல்லிங்னு பாருங்க.

வேற எழுத்து செட்டுக்கும் இதே முறை தான், மூணு எழுத்துன்னா ரெண்டு காலம் போதும், அரிதான எழுத்து எதுவோ அதை முதல்ல போடுங்க. ஒரு எழுத்து வரவே கூடாதுன்னா கன்டெய்ன்ஸ்க்கு பதில் டஸ் நாட் கன்டெய்ன். வவல் அஞ்சும் வேணும் ஆனா எஸ் கூடாதுன்னு வச்சுத் தேடிப் பாருங்க, எஸ் போட்டு நீட்டின ப்ளூரல் எல்லாம் ஒரேயடியா காலியாகி லிஸ்ட் படிக்கிற அளவுக்கு வந்துடும்.