கடலூரில் பழைய வீடு வாங்கிப் புதுப்பிக்க: உப்பு ஏறிய சுவரை என்ன செய்வது?

மஞ்சக்குப்பத்தில் நாங்கள் வாங்கிய பழைய ஓட்டு வீட்டில் இப்போது குடியிருக்கிறோம், சுவர் காய்ந்து நன்றாக இருக்கிறது. இந்தப் பக்கம் பழைய வீடு தேடுகிறவர்களுக்காக வேலை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். பேரம், வங்கிக் கடன் பற்றி எழுதவில்லை. சுவரைப் பற்றித்தான் நிறைய எழுதியிருக்கிறேன், கடலோர ஊரில் பழைய வீட்டுக்காரருக்கு அதிகம் செலவு வைப்பது அதுதான்.

1. வீடு பார்ப்பது

ஐப்பசி, கார்த்திகையில் பாருங்கள். பங்குனியில் எல்லா வீடும் நல்ல வீடாகத்தான் தெரியும். மழை விட்ட மறுநாள் போய், முதலில் வாசலில் நின்று தெருவைப் பாருங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு நம் தெருக்கள் உயர்ந்துவிட்டன, படியேறிப் போன திண்ணைகள் பல இப்போது தெரு மட்டத்துக்கு வந்துவிட்டன. தெருவைவிடப் பள்ளமான வீட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன். 2015 மழையில் அங்கே தண்ணீர் எவ்வளவு நின்றது என்று தரகரிடம் கேட்காமல் எதிர்வீட்டில் கேளுங்கள், கெடிலம் ஆற்றுப் பக்கம் என்றால் கட்டாயம் கேளுங்கள். உள்ளே போனதும் பீரோவை நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். சுவரின் அடிப்பகுதிக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் அங்கே உப்பு இருக்கிறது.

2. பத்திரம்

மூலப்பத்திரம், 30 ஆண்டுக்குக் குறையாத வில்லங்கச் சான்று, நகர நில அளவைப் பதிவேட்டு நகல், சொத்துவரி ரசீது, எல்லாவற்றிலும் பெயரும் அளவும் பொருந்த வேண்டும். பூர்வீக வீடு என்றால் வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். "பொண்ணுங்களைக் கட்டிக் கொடுத்தாச்சு, அவங்களுக்கு என்ன பங்கு" என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள், 2005 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இந்துக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு. முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இதற்குப் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். மற்றதை ஒரு நல்ல வக்கீலிடம் விட்டுவிடலாம்.

3. கூரை

வேலையை மேலிருந்து தொடங்குங்கள். கூரை ஒழுகும்போது சுவரில் கை வைப்பது வீண். ஓட்டு வீடானாலும் மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைகள் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மொட்டை மாடி) ஆனாலும் மரம் சுவருக்குள் நுழையும் இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஈரமும் கரையானும் அங்கேதான் சேரும். ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், உள்ளே இறங்கினால் அந்த மரத்தை மாற்றித்தான் ஆக வேண்டும். புது மரத்தைவிட, இடித்த வீட்டுச் சாமான் கடையில் கிடைக்கும் பழைய தேக்குதான் எனக்குப் பிடிக்கும், நன்றாகக் காய்ந்திருக்கும், முறுக்காது. 2011 டிசம்பரில் தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையைக் கடந்தது, அதை மனதில் வைத்து முகட்டையும் இறவாரத்து ஓடுகளையும் கெட்டியாகப் பிடிக்க வையுங்கள்.

4. சுவர்

பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும், சில வீடுகளில் செங்கல்லும் மண்ணும். பெரும்பாலும் அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. மண்ணிலுள்ள ஈரம் உப்பையும் சேர்த்துக்கொண்டு மேலே ஏறுகிறது, சுவர் முகத்தில் தண்ணீர் ஆவியாக, உப்பு மட்டும் தங்கிப் படிகமாகி, பூச்சைத் தள்ளி உதிர்க்கிறது. பார்க்க வருகிற கொத்தனார் அநேகமாக ஒரே பதில்தான் சொல்வார்: "சிமென்ட்ல பூசிடலாம் சார், கல்லு மாதிரி நிக்கும்." அந்தக் கெட்டிதான் பிரச்சினை. ஈரம் வெளியே வர வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும், இரண்டடியில் நின்ற கறை நான்கடிக்குப் போகும். சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும். ஈரத்தை வெளியே விட்டுவிடும்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரே இடத்தில் திட்டாக இருந்தால் குழாயோ மழைநீர்த் தூம்போ கசிகிறது. சுவர் நெடுக ஒரே மட்டத்தில் பட்டையாக இருந்தால்தான் தரையிலிருந்து ஏறும் ஈரம். வெளிச்சுவரை ஒட்டிக் கொட்டிய மண்ணை அகற்றி, தண்ணீர் வீட்டை விட்டு விலகி ஓடும்படி சரிவு கொடுங்கள்.

அப்புறம் பூச்சைக் கறைக்கு மேல் இரண்டடி வரை கொத்தி எடுத்து, செங்கல் இணைப்புகளைக் கொஞ்சம் ஆழமாகச் சுரண்டி, கோடை முழுக்கச் சுவரைத் திறந்தே காயவிடுங்கள். எல்லோரும் அவசரப்படுவது இங்கேதான். பூத்து வரும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, கீழே விரித்த சாக்கில் பிடித்து வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும்.

சுட்ட சுண்ணாம்பை முன்கூட்டியே நீற்றி (தண்ணீரில் போட்டுக் குழைய விட்டு), சில வாரம் தண்ணீருக்குள் ஊற வையுங்கள். நீற்றும்போது தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி, கையுறை இல்லாமல் யாரையும் அருகில் விடாதீர்கள், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் நல்ல தண்ணீர் வாங்கிக் குழையுங்கள், உப்பை எடுத்த சுவரில் உப்பையே பூசக் கூடாது. சுவரை நனைத்துவிட்டு மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஒன்று இறுகிய பிறகே அடுத்தது. வெயில் நேரடியாகப் படாமல் ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள். கடைசி அடுக்கை இரும்புக் கரணையால் வழுவழுப்பாக்காமல் மணியாசு கட்டையால் (தேய்க்கும் மரக்கட்டை) முடிக்கச் சொல்லுங்கள். இந்த வேலை தெரிந்த ஆள் வேண்டுமென்றால் பழைய கோயில் திருப்பணி செய்தவர்களை விசாரியுங்கள். கூலி அதிகம் கேட்பார்கள், கொடுக்கலாம்.

5. மீதி

ஒயரிங்கைப் பூச்சுக்கு முன்பே முழுக்க மாற்றிவிடுங்கள், பழையதில் ஒட்டுப் போடவே வேண்டாம். எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். சுவருக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். வால் புட்டியும் எமல்ஷன் பெயின்ட்டும் வேண்டாம், அவை சுவரின் மூச்சை அடைத்துவிடும்.

பின்சேர்க்கை

இதைப் படித்த சிலர், உப்பு வரும் இடத்தில் நாலடிக்கு டைல்ஸ் ஒட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். சிமென்ட்டுக்கு நடப்பதேதான் அதற்கும் நடக்கும், டைல்ஸுக்கு மேலே புதுக் கறை கிளம்பும். இன்னொருவருக்குச் சுண்ணாம்பு பூசிய முதல் வருஷமே லேசாக உதிர்கிறதாம். சுவருக்குள் மிச்சமிருந்த உப்பை முதல் பூச்சு இழுத்துக்கொள்கிறது, பயப்பட வேண்டாம். அந்த இடத்தை மட்டும் கொத்தி எடுத்து, காயவிட்டு, அதே கலவையில் மறுபடி பூசுங்கள். இதற்காகவே ஒரு டிரம் ஊறிய சுண்ணாம்பைத் தண்ணீர் மேலே நிற்கும்படி மூடி வைத்திருப்பது நல்லது, எத்தனை மாதமானாலும் கெடாது.