அப்பாவின் சர்க்கரைக்கு வெந்தயமும் சிறுகுறிஞ்சானும்

மாத்திரையை நிறுத்தாமல் கூடவே சேர்த்துக்கொள்ளத்தான் இவை. அப்பாவுக்காக இரவில் இரண்டு டீஸ்பூன் வெந்தயத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் ஊறவைப்பேன். காலையில் தண்ணீரைக் குடித்துவிட்டு விதையையும் மென்று தின்ன வேண்டும். வடிகட்டி எறிந்தால் முக்கியமான நார்ச்சத்து போச்சு! சாப்பாட்டுச் சர்க்கரை ரத்தத்தில் சேர்வதை மெதுவாக்குவது அந்த வழவழப்பான நார்ச்சத்துதான். கசப்பு பிடிக்காதவர்கள் முளைகட்டி மோரில் போட்டுக்கொள்ளலாம். வயிறு உப்பினால் அளவைக் குறையுங்கள்.

சிறுகுறிஞ்சான் என்ற மூலிகையின் இலைப் பொடியை மயிலாப்பூர் கச்சேரி சாலையில் நாட்டு மருந்துக் கடையில் வாங்குகிறேன். அசலா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு சிட்டிகையை நாக்கில் சற்று நேரம் வைத்துக் கொப்பளித்துவிட்டு, கொஞ்சம் சர்க்கரை போட்டுப் பாருங்கள். இனிப்பு மங்கி, மணலை மெல்வது போலிருக்கும். இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலத்தின் வேலை அது.

இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கவே கூடாது. ரத்தச் சர்க்கரை 70-க்குக் (மி.கி./டெ.லி.) கீழே இறங்கிவிடலாம். கை நடுங்கி வியர்த்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். கர்ப்பிணிகளுக்கு இரண்டும் வேண்டாம். அப்புறம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டுவது) பரிசோதனை செய்து, அந்தச் சீட்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.