பழைய டெஸ்க்டாப்பில் ரேம் கூட்டுவது: எதை வாங்குவது, எப்படி மாட்டுவது

ரேம் மாட்டுவது பத்து நிமிட வேலை. சரியான ரேமை வாங்குவதில்தான் பணமும் அலைச்சலும் போகிறது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கி வந்தது வீட்டில் ஓடவில்லை என்றதும் ‘டூப்ளிகேட் கொடுத்துட்டான்’ என்று கடைக்காரரைத் திட்டுகிறோம். பெரும்பாலும் ரேமில் பழுது இருக்காது. உங்கள் கம்ப்யூட்டரின் மதர்போர்டுக்கு அது சேராத ரேம், அவ்வளவுதான்.

முதலில், கம்ப்யூட்டர் இழுத்து இழுத்து ஓடுவதற்கு ரேம்தான் காரணமா என்று பாருங்கள். வழக்கமாகத் திறப்பதையெல்லாம் திறந்து வையுங்கள்: குரோமில் நாலைந்து டேப், டாலி, ஒரு பிடிஎஃப். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். மெமரி 85 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் ரேம் பற்றவில்லை. மெமரி பாதியளவில் இருக்க, டிஸ்க் மட்டும் 100-ல் நின்றால் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி போடுங்கள். ரேமுக்குச் செலவழிப்பது வீண். இரண்டுமே உச்சியில் இருந்தால் ரேமில் இடமில்லாமல் விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கிறது என்று பொருள். அப்போது ரேம்தான் முதல் செலவு.

அடுத்து, மை கம்ப்யூட்டரின் ப்ராபர்ட்டீஸில் ‘சிஸ்டம் டைப்’ என்ற இடத்தில் 32 பிட்டா, 64 பிட்டா என்று பாருங்கள். 32 பிட் விண்டோஸ் என்றால் 8 ஜிபி மாட்டினாலும் 3.2 முதல் 3.5 ஜிபி வரைதான் பயன்படும். 64 பிட்டுக்கு மாற அப்டேட் போதாது, புதிதாக இன்ஸ்டால் செய்ய வேண்டும். முதலில் ஃபைல்களை வேறு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். விண்டோஸ் 7 ஹோம் பேசிக் 64 பிட்டாக இருந்தாலும் 8 ஜிபிக்கு மேல் எடுக்காது.

போர்டு எது?

சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் ‘மெயின்போர்டு’ பக்கம் போர்டின் பெயரையும் அதன் சிப்செட்டையும் (போர்டின் முக்கியச் சில்லு; ஜி31, எச்61 என்பது போல இருக்கும்) சொல்லும். ‘எஸ்பிடி’ பக்கம் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் இருக்கும் ரேமின் வகை, அளவு, வேகத்தைக் காட்டும். கம்ப்யூட்டர் ஆனே ஆகவில்லை என்றால் கேபினெட்டைத் திறந்து பாருங்கள். போர்டிலேயே பெரிய எழுத்தில் அச்சடித்திருப்பார்கள்.

ஜி31 போர்டு என்றால் பெரும்பாலும் டிடிஆர்2 (டிடிஆர்3-க்கு முந்தைய தலைமுறை ரேம்), உச்சம் 4 ஜிபி. இதில் இனிப் பணம் போடாதீர்கள். அந்தக் காசைச் சேர்த்து வைத்து, அலுவலகங்களிலிருந்து கழித்து வரும் டெஸ்க்டாப் ஒன்றைப் பார்க்கலாம். எச்61, எச்81 போர்டுகளில் டிடிஆர்3, இரண்டு ஸ்லாட், உச்சம் 16 ஜிபி. இவற்றில் 4 ஜிபி ரேம் இரண்டு போட்டாலே வீட்டு வேலைக்கும் கடைக் கணக்குக்கும் போதும்.

தலைவலி கொடுப்பது ஜி41. டிடிஆர்3 போட்ட ஜி41 போர்டுகள் 8 ஜிபி வரை எடுக்கும். ஆனால் ரேமில் ஒட்டியிருக்கும் கறுப்புச் சில்லு ஒன்றுக்கு 2 கிகாபிட் வரைதான் அந்த சிப்செட்டுக்குத் தெரியும். 4 ஜிபி ரேமில் ஒரு பக்கம் மட்டும் 8 சில்லு இருந்தால் ஒவ்வொன்றும் 4 கிகாபிட்; போர்டு பீப் அடிக்கும், அல்லது பாதியைத்தான் காட்டும். இரண்டு பக்கமும் சேர்த்து 16 சில்லு உள்ள 4 ஜிபி ரேம்தான் வேண்டும். லேபிளில் ‘2ஆர்எக்ஸ்8’ என்று இருக்கும். ‘1ஆர்எக்ஸ்8’ என்றிருந்தால் வாங்காதீர்கள். முதல் தலைமுறை ஐ3, ஐ5 ஓடும் எச்55 போர்டுகளுக்கும் இதே எச்சரிக்கை. இன்று புதிதாகக் கிடைக்கும் 4 ஜிபி டிடிஆர்3 பெரும்பாலும் 8 சில்லு என்பதால், இந்த போர்டுகளுக்குப் பழைய ரேமே பத்திரம்.

லேபிளில் இன்னும் சில பார்க்க வேண்டும். பிசி3-10600 என்பது 1333 வேகம், பிசி3-12800 என்பது 1600 வேகம். வேகம் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, போர்டு தாங்கும் வேகத்துக்கு இறங்கி ஓடும். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தை விட்டுவிடக் கூடாது. ‘யு’ என்றால் டெஸ்க்டாப் ரேம். ‘ஆர்’ என்றால் சர்வர் ரேம். மலிவாகக் கிடைக்கும், ஸ்லாட்டிலும் உட்காரும், ஓடவே ஓடாது. ‘ஏஎம்டி மட்டும்’ என்று ஆன்லைனில் விற்கும் மலிவு ரேமும் இன்டெல் போர்டில் வேலைக்காகாது. ‘பிசி3எல்’ என்று போட்டிருந்தால் 1.35 வோல்ட், அது 1.5 வோல்ட்டிலும் ஓடும், சாதாரண டிடிஆர்3 ஸ்லாட்டில் தாராளமாகப் போடலாம். டிடிஆர்3எல் மட்டும் கேட்கும் போர்டில் 1.5 வோல்ட் ரேமைப் போடாதீர்கள். கையடக்கமான குட்டி டெஸ்க்டாப், ஆல்-இன்-ஒன் வகைகளில் லேப்டாப் ரேம்தான் இருக்கும்.

ரிச்சி தெருவுக்கு மெட்ரோவில் போனால் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடக்கலாம். பறக்கும் ரயில் என்றால் சிந்தாதிரிப்பேட்டை. பழைய ரேமை ஆன்டி-ஸ்டாடிக் உறையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். ஜி41 என்றால் கேபினெட்டையே தூக்கிக்கொண்டு போவது மேல். கடைக்காரர் தன் டெஸ்ட் போர்டில் மாட்டிக் காட்டுவது, ரேம் நல்லது என்பதற்குத்தான் சாட்சி. உங்கள் போர்டில் ஓடும் என்பதற்கு இல்லை. பில்லில் தேதியும், ‘போர்டுக்குச் சேரவில்லை என்றால் எத்தனை நாளில் மாற்றித் தருவோம்’ என்பதும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பேரம் அதற்கப்புறம்.

மாட்டுவது

ஷட்டவுன் செய்து, யுபிஎஸ்ஸையும் அணைத்து, பவர் வயரைக் கழற்றுங்கள். பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினெட்டைப் படுக்க வைத்து, பக்கவாட்டுத் தகட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். உள்ளே ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. சென்னையில் நாலைந்து வருடம் திறக்காத கேபினெட் என்றால் தூசியோடு கரப்பான், பல்லி முட்டை எல்லாம் எதிர்பார்க்கலாம். பிரஷ்ஷால் தட்டி, ஸ்லாட்டுக்குள் ப்ளோயர் அடியுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும், வேண்டாம்.

ரேமைத் தொடும் முன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொடுங்கள். ஸ்லாட்டின் கிளிப்பை வெளிப்பக்கம் தள்ளினால் பழைய ரேம் மேலே வரும். சில போர்டுகளில் ஒரு முனையில்தான் கிளிப் இருக்கும், மறுமுனையை நெம்பாதீர்கள். கடற்காற்றிலும் ஈரத்திலும் பழைய ரேமின் தங்க விளிம்பு மங்கியிருக்கும். வெள்ளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிடுங்கள். உப்புத்தாள் கூடவே கூடாது.

புதிய ரேமின் அடியில் இருக்கும் வெட்டு, ஸ்லாட்டில் இருக்கும் மேட்டுக்கு நேராக வர வேண்டும். டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 பின்தான், ஆனால் வெட்டு வேறு இடத்தில் இருக்கும். நேராக வரவில்லை என்றால் திருப்பிப் பாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால் அது வேறு வகை, அழுத்தாதீர்கள். நேராக வந்தால் இரு முனையிலும் கட்டைவிரலால் ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். இதில் தேவைப்படும் அழுத்தம் புதியவர்களைப் பயமுறுத்தும். அரைகுறையாக உட்கார்ந்த ரேம்தான் ‘டிஸ்ப்ளே வரல’ என்ற புகாருக்கு முதல் காரணம். நாலு ஸ்லாட் இருந்தால் ஜோடியை ஒரே நிற ஸ்லாட்டுகளில் போடுங்கள். கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் 8 ஜிபி ஒன்றைவிட 4 ஜிபி இரண்டு மேல். திரைக்கும் அதே ரேம்தான் என்பதால், இரண்டாகப் போடும்போது கிடைக்கும் கூடுதல் வேகம் தெரியும்.

மூடுவதற்கு முன்பே ஆன் செய்து பாருங்கள். முதல்முறை தானாக அணைந்து மறுபடி ஆன் ஆகலாம். டெல் மெஷின்கள் மெமரி அளவு மாறியிருக்கிறது என்று சொல்லி எஃப்1 அழுத்தச் சொல்லும். தேதி பழைய வருடத்துக்குப் போயிருந்தால், கேபினெட் திறந்திருக்கும்போதே வயரைக் கழற்றிவிட்டு, போர்டில் நாணயம் போல இருக்கும் சிஆர்2032 செல்லையும் மாற்றிவிடுங்கள்.

ஓடாவிட்டால்

நீளமான பீப் திரும்பத் திரும்ப வந்தாலோ, எச்பி மெஷினில் சிவப்பு விளக்கு ஐந்து முறை மின்னினாலோ, போர்டு ரேமை ஏற்கவில்லை. வயரைக் கழற்றி, ரேமை எடுத்துத் திரும்ப அழுத்தி உட்கார வையுங்கள். பிறகு புதியதை மட்டும் தனியாக, பழையது உட்கார்ந்திருந்த அதே ஸ்லாட்டில் போடுங்கள். ஓடினால், இரண்டும் ஒன்றோடொன்று சேரவில்லை அல்லது மற்ற ஸ்லாட்டில் கோளாறு. பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) செட்டிங்கை அழிக்க, அந்த செல்லை ஐந்து நிமிடம் கழற்றி வைத்துப் பார்க்கலாம்.

ஆன் ஆகி, 64 பிட் விண்டோஸிலும் 8 ஜிபியில் பாதிதான் பயன்படுகிறது என்று வந்தால் விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக்கைத் (msconfig) திறந்து பூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் ‘மேக்சிமம் மெமரி’ டிக்கை எடுத்துவிடுங்கள்.

எல்லாம் சரியாகத் தெரிந்தாலும், மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். பிழையைக் காட்டும் சிவப்பு வரி ஒன்றே ஒன்று வந்தாலும் அலட்சியம் வேண்டாம். அது டாலி கணக்கைக் கெடுக்கும், நீலத் திரையைக் கொண்டுவரும். ஒவ்வொரு ரேமாகத் தனித்தனியே, ஸ்லாட் மாற்றிச் சோதியுங்கள். பிழை ரேமோடு நகர்ந்தால் பில்லோடு கடைக்குப் போங்கள். ஸ்லாட்டோடு நின்றால் கோளாறு போர்டில், அந்த ஸ்லாட்டைக் காலியாக விட்டுவிட்டு மற்றதில் 8 ஜிபி ஒன்றாகப் போட உங்கள் போர்டு விடுமா என்று பாருங்கள்.