அலகு தம்போலா: எட்டாம் வகுப்பு அறிவியலைத் திருப்பிப் பார்க்க ஒரு விளையாட்டு

"விசையின் அலகு என்ன?" என்று கேட்டால் மொத்த வகுப்பும் "நியூட்டன்" என்று கத்தும். "எடையின் அலகு?" என்று கேளுங்கள், கிலோகிராம் என்று நிறைய குரல்கள் வரும். எடையும் ஒரு விசைதான், அதன் அலகும் நியூட்டன்; கிலோகிராம் நிறையின் அலகு. அந்த இடத்தைப் பிடிக்கத்தான் இந்த ஆட்டம். ஆளுக்கு அரைத்தாளும் ஒரு பேனாவும் போதும்.

1. பலகையில் 12 அலகுகள்

மீட்டர், கிலோகிராம், விநாடி, ஆம்பியர், கெல்வின், கேண்டிலா, மோல் ஆகிய ஏழும் அடிப்படை அலகுகள். கூடவே நியூட்டன், பாஸ்கல், ஜூல், வாட், ஹெர்ட்ஸ்.

2. சீட்டு

மாணவர்கள் தாளில் மூன்றுக்கு மூன்று கட்டம் போட்டு, பலகையில் உள்ள 12இல் தங்களுக்குப் பிடித்த 9ஐ விருப்பப்படி நிரப்பட்டும். சீட்டு அச்சடிக்கும் வேலை உங்களுக்கு இல்லை.

3. குறிப்புகள்

இதை முதல் நாளே எழுதி வைத்துவிடுங்கள். ஆட்டத்தின் உயிரே இதுதான். "அழுத்தத்தின் அலகு" என்று வாசித்தால் மனப்பாடம்தான் வெளியே வரும்; அளவின் பெயரைச் சொல்லாமல் சூழ்நிலையைச் சொல்லுங்கள். சில மாதிரிகள்:

- நிலவுக்குப் போனால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறையும். (நியூட்டன்)
- நிலவுக்குப் போனாலும் மாறாது. (கிலோகிராம்)
- ஒட்டகத்தின் அகன்ற பாதம் மணலில் இதைக் குறைக்கிறது. (பாஸ்கல்)
- தொடர் இணைப்பில் எந்த இடத்தில் அளந்தாலும் ஒன்றாகவே இருக்கும். (ஆம்பியர்)
- நம் காதுக்கு 20 முதல் 20,000 வரை கேட்கும். (ஹெர்ட்ஸ்)
- நம் உடம்பில் இது சுமார் 310. (கெல்வின்)
- கரண்ட் பில்லில் வரும் ஒரு யூனிட், இந்த அலகில் 36 லட்சம். (ஜூல்)

கடைசிக் குறிப்புக்குப் பலர் 'வாட்' கட்டத்துக்குத்தான் போவார்கள். போகட்டும். யூனிட் என்பது கிலோவாட் மணி, அதாவது ஆற்றல். அதை விளக்க இதைவிட நல்ல நேரம் வராது.

ஓர் அலகுக்கு இரண்டு குறிப்பு இருந்தால் இரண்டு ஆட்டம் ஆடலாம்.

4. ஆட்டம்

குறிப்புகளைக் குலுக்கி, எண் சொல்லி ஒவ்வொன்றாக வாசியுங்கள். விடையைச் சொல்ல வேண்டாம். மாணவர்கள் பொருத்தமான கட்டத்தில் அந்தக் குறிப்பின் எண்ணைப் பேனாவால் எழுத வேண்டும். புளியங்கொட்டை வைத்தும் ஆடலாம்தான், ஆனால் ஆட்டம் முடிந்ததும் யார் எங்கே தடுமாறினார் என்பதற்குத் தடயமே இருக்காது. எண் எழுதினால் சீட்டே சொல்லிவிடும்.

5. பரிசு

முதல் வரிசை, நான்கு மூலை, இந்த இரண்டுக்கு மட்டும் கொடுங்கள். முழு வீடு (ஒன்பது கட்டமும் நிரம்புவது) வேண்டாம்: கணக்குப்படி, 11வது குறிப்பு முடியும்போது வகுப்பில் சுமார் கால்வாசிப் பேர் நிரப்பியிருப்பார்கள், 12இல் எல்லாருமே. அப்புறம் யாருக்கு மிட்டாய் என்று பஞ்சாயத்துதான்.

ஜெயித்ததாகச் சொல்பவர் எழுந்து, அந்தக் கட்டங்களில் எந்தக் குறிப்பை ஏன் எழுதினார் என்று சொல்ல வேண்டும். ஒன்று தப்பானாலும் அந்தப் பரிசுக்கு அந்தச் சீட்டு அவுட், ஆட்டம் தொடரும்.

6. சீட்டுகளை வாங்கி வையுங்கள்

நிலவுக் குறிப்புகள் இரண்டும் இடம் மாறியிருக்கும் சீட்டுகளைத் தனியாக எடுங்கள். அது நாலைந்து பேர் என்றால் தனியாகக் கூப்பிட்டுப் பேசலாம். அதற்கு மேல் போனால், மறுநாள் சுருள்வில் தராசை வகுப்புக்கு எடுத்துப் போய் நிறை, எடையை மறுபடி நடத்திவிடுங்கள்.