ஏர் ரைபிளுக்கு முதலில் சைட், அப்புறம்தான் கட்டை

தன் கைக்கும் தோளுக்கும் ஏற்ற மாதிரி ஒரு ஏர் ரைபிள் கட்டிக்கொள்ளலாம் என்று இறங்குகிறவர்கள் எடுத்த எடுப்பில் கட்டைக்கு, அதாவது தோளில் முட்டுகிற மரப் பாகத்துக்கு, நல்ல மரம் தேடுவார்கள், கூடவே ஸ்கோப் என்கிற குறிபார்க்கும் தொலைநோக்கியின் விலையும் விசாரிப்பார்கள். இரண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். குறி பார்க்க உதவுகிற சைட் எது, அது எந்த உயரத்தில் உட்காரப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்தால் மற்ற எல்லா அளவும் அதிலிருந்து தானாக வரும். என்னைக் கேட்டால் கண்ணாடி வில்லை எதுவும் இல்லாத இரும்பு ஓப்பன் சைட்தான், முன்னால் ஒரு முனை, பின்னால் ஒரு வெட்டு, அவ்வளவுதான். பழைய காலத்து ஆசையால் சொல்லவில்லை, கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

நம் பக்கம் சுலபமாகக் கிடைப்பது பிரேக் பேரல், அதாவது பேரலை (குழலை) மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றுகிற வகை. ஒவ்வொரு குண்டுக்கும் பேரலை மடக்குகிறோம், பெல்லட் என்கிற சின்னக் குண்டை வைக்கிறோம், திரும்ப மூடுகிறோம். மூடும்போது போன தடவை நின்ற இடத்திலேயே அது மயிரிழை பிசகாமல் நிற்கும் என்று சொல்ல முடியாது, மடங்குகிற இடத்து ஆணி தேயத் தேய அந்தப் பிசகு கூடத்தான் செய்யும். ஸ்கோப்போ பின்னால் இருக்கிற சிலிண்டர் மேல் உட்காருகிறது, அதனால் பேரல் ஒரு பக்கம் பார்க்க ஸ்கோப் இன்னொரு பக்கம் பார்க்க ஆரம்பித்துவிடும். முன் சைட்டையும் பின் சைட்டையும் பேரல் மேலேயே, இல்லையென்றால் பேரலோடு சேர்ந்து மடங்குகிற அந்தக் கட்டி மேல் வைத்துவிட்டால், பேரல் எங்கே போய் நின்றாலும் சைட்டும் கூடவே போகும். குறியும் குழலும் ஒரே துண்டாகிவிடுகிறது. ஓப்பன் சைட்டின் பெரிய பலமே இதுதான்.

ஸ்பிரிங் ரைபிளின் உதையும் தனி ரகம். பிஸ்டன் முன்னால் பாயும்போது ரைபிள் பின்னால் உதைக்கும், அந்தப் பிஸ்டன் காற்றை அமுக்கி முட்டி நிற்கும்போது ரைபிள் முன்னால் இழுபடும். இப்படி இரண்டு பக்கமும் குலுக்கினால் மலிவு விலை ஸ்கோப் தாங்காது, அதைப் பிடித்திருக்கிற மவுண்ட் மெல்ல மெல்ல நகரும், குறுக்குக் கம்பி ஆட்டம் காணும். அப்படியே தாங்கினாலும் அவற்றில் பல 100 கஜத்துக்குச் சரிசெய்து வருபவை, 10 மீட்டரில் படம் மங்கலாகத் தெரியும், கண் கொஞ்சம் விலகினாலே குறியும் விலகும். மவுண்டோடு சேர்த்து அரைக் கிலோ எடை வேறு.

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சிலோ திருவிழாவிலோ பலூன் சுடுகிற கடையில் துப்பாக்கி பிடித்தவர்களுக்கு ஓப்பன் சைட் ஏற்கெனவே பழக்கம்தான், ஆனால் அங்கே பலருக்கும் அதன் மேல் நம்பிக்கை போய்விடுகிறது. அந்தத் துப்பாக்கிகளில் முன் சைட் வளைந்திருக்கும், பின் சைட்டுக்கு ஸ்க்ரூவே இருக்காது. அதை வைத்து இந்த முறையை எடை போடாதீர்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கியது ஓப்பன் சைட்டில்தான், அந்தப் போட்டியின் விதியே அப்படி. நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுகிற 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் பின்னால் சிறு துளை வழியாகப் பார்க்கிற சைட், அது வேறு வகை, ஆனால் அதிலும் ஸ்கோப்புக்கு அனுமதி கிடையாது. அந்தப் போட்டியின் குறி அட்டையில் பத்து புள்ளி தருகிற இடம் வெறும் அரை மில்லிமீட்டர்!

சரி, வேலைக்கு வருவோம். முன் சைட்டில் உருண்டை மணி, முக்கோணக் கூர், சதுரக் கம்பம் என்று பல வகை உண்டு. சதுரக் கம்பமும், அதற்குப் பின்னால் சதுர வெட்டும் எடுங்கள். கம்பத்தின் தலை தட்டையாக இருந்தால்தான் பின் சைட்டின் மேல்விளிம்போடு ஒரே கோட்டில் நிறுத்த முடியும், கூர்முனையில் உயரம் எங்கே முடிகிறது என்று கண்ணால் தீர்மானமாகச் சொல்ல முடியாது. பச்சை சிவப்பில் மினுக்குகிற ஃபைபர் சைட்டை நான் எடுக்க மாட்டேன். வெயிலில் பிரகாசம் கூடும்போது புள்ளி பெரிதாகத் தெரியும், நிழலில் சுருங்கும், குறியும் அதோடு ஆடும். பலூனுக்குப் போதும், அட்டைக்குப் போதாது.

கம்பம் எவ்வளவு அகலம்? இதைக் கண்மதிப்பில் விடாதீர்கள். 10 மீட்டர் ரைபிள் அட்டையில் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ. ரைபிளைத் தோளில் வைத்து, கண்ணிலிருந்து முன் சைட் வரை டேப் வைத்து இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். 850 மி.மீ. என்று வந்தால், 30.5 ஐ 850 ஆல் பெருக்கி 10,000 ஆல் வகுக்க வேண்டும், கிட்டத்தட்ட 2.6 மி.மீ. வரும். அந்த அகலத்தில் கம்பம் வைத்தால் கறுப்பு வட்டமும் கம்பமும் கண்ணுக்கு ஒரே அகலமாகத் தெரியும், அது ரொம்ப வசதி, பக்கவாட்டுப் பிசகு உடனே பிடிபடும். பின் சைட் கண்ணிலிருந்து 450 மி.மீ. தூரத்தில் இருந்தால் அந்த 2.6 மி.மீ. கம்பம் அங்கே 1.4 மி.மீ. அளவுக்குத்தான் தெரியும். அதன் இரு பக்கமும் கம்பத்தில் பாதி அளவுக்கு வெளிச்சம் வேண்டும், ஆக வெட்டு 2.5 இலிருந்து 2.8 மி.மீ. வரை. கடையில் வருகிற சைட்டுகளில் இந்த வெட்டு பெரும்பாலும் குறுகலாகவே இருக்கும். சன்னமான அரம் எடுத்து இரண்டு பக்கமும் சமமாக அகலப்படுத்திக்கொள்ளலாம், ஆனால் நம் கண் பார்க்கிற பக்கத்து விளிம்பு கூர்மையாக நிற்கட்டும், சரிவு எல்லாம் முன்பக்கமாகப் போகட்டும், அப்போதுதான் விளிம்பு பளிச்சென்று ஒரே கோடாகத் தெரியும்.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் பின் சைட்டை எவ்வளவு தூரம் முன்னால் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். கிட்டப் பொருள் மங்கலாகிற கண்ணுக்கு, 250 மி.மீ. தூரத்து வெட்டு புகையாகத் தெரியும், 450 இல் தேறிவிடும். இதில் ஒரு நஷ்டமும் இருக்கிறது, மறைக்கவில்லை. இரண்டு சைட்டுக்கும் நடுவே இடைவெளி குறையக் குறைய தப்பு பெரிதாகும். இடைவெளி 400 மி.மீ. என்றால் கம்பம் 0.1 மி.மீ. விலகினாலும் 10 மீட்டரில் குண்டு 2.5 மி.மீ. விலகும், 200 மி.மீ. என்றால் 5 மி.மீ. அதனால் பேரல் நுனிக்கு எவ்வளவு பக்கத்தில் முன் சைட்டை வைக்க முடியுமோ அங்கே வையுங்கள்.

பொருத்துவதற்குப் பேரலில் ஓட்டை போடாதீர்கள், வெல்டிங் பக்கமே போகாதீர்கள், சூட்டில் பேரல் கோணினால் அப்புறம் எந்தச் சைட்டும் காப்பாற்றாது. புதுச்சேரி தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கமோ கடலூரிலோ ஒரு நல்ல லேத் பட்டறையில் பேரலின் வெளி விட்டத்தை வெர்னியரில் அளந்து கொடுத்து, அதைக் கவ்விப் பிடிக்கிற வளையம் ஒன்று கடைந்து வாங்குங்கள், அடியில் ஒரு சின்ன அலன் ஸ்க்ரூ போதும். கம்பத்தைத் தேவைக்கு மேல் உயரமாகவே விடச் சொல்லுங்கள். கம்பம் உயரமாக இருந்தால் குண்டு கீழே படும், அரம் போட்டுக் குறைக்கக் குறைக்க மேலே ஏறும். குறைத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இப்போதுதான் கட்டை. கடையில் வருகிற பல கட்டைகள் ஸ்கோப்பை மனதில் வைத்துக் கன்னம் பதிகிற இடத்தை உயரமாக வைத்திருக்கும். ஓப்பன் சைட் தாழ்வாக உட்காருவது, அந்தக் கட்டையில் கன்னத்தை அமுக்கி, கழுத்தைக் கோணித்தான் பார்க்க வேண்டியிருக்கும், பத்துக் குண்டுக்குள் கழுத்து வலிக்கும், ஒவ்வொரு தடவையும் கண் வேறு உயரத்தில் நிற்கும். செய்ய வேண்டியது இது: கன்னம் பதிகிற இடத்தைச் சீவித் தாழ்த்திய பழைய கட்டையில் அட்டையும் டேப்பும் சுற்றி, கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளுக்கு எடுங்கள், முகம் இயல்பாகப் படிந்ததும் கண்ணைத் திறங்கள். கம்பம் வெட்டுக்குள் நடுவில் தெரிய வேண்டும். வெட்டுக்கு மேலே தூக்கித் தெரிந்தால் ஒரு சுற்று உரியுங்கள், கீழே புதைந்தால் ஒரு சுற்று கூட்டுங்கள். இதை ஒரே மூச்சில் முடிக்காமல் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று பாருங்கள், சட்டை மாறினால்கூட அளவு மாறும். கட்டையின் நீளத்துக்கு, முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, மடிப்பின் உள்பக்கத்திலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் ரேகை வரை அளந்தால் ஏறக்குறைய சரியாக வரும். இந்த அட்டை சுற்றிய கட்டையையே தச்சரிடம் மாதிரியாகக் கொடுங்கள், காகிதத்தில் வரைந்து கொடுப்பதைவிட அவருக்கு இது நன்றாகப் புரியும்.

மரத்துக்கு எங்கும் அலைய வேண்டாம், பண்ருட்டிப் பலா இருக்கிறது. வீணை செய்கிற மரம், அரம் நன்றாக ஏறும், மஞ்சளாக ஆரம்பித்து வருஷம் போகப் போகத் தேன் நிறத்துக்குக் கறுக்கும், பார்க்கவே அவ்வளவு அழகு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் கரையைக் கடந்தபோது அந்தப் பக்கம் பலாவும் முந்திரியும் ஏராளமாகச் சாய்ந்தன. அப்போது அறுத்த பலகை யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் கேட்டு வாங்குங்கள், அதைவிட நன்றாகக் காய்ந்த மரம் கிடைப்பது கஷ்டம். பச்சை மரம் என்றால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊதி, பங்குனி வெயிலில் சுருங்கி, ஸ்க்ரூவெல்லாம் தளர்ந்துபோகும். ஸ்க்ரூ இறங்குகிற துளைகளில் பித்தளைக் குழாய்த் துண்டு ஒன்று நுழைத்துவிட்டால் மரம் நசுங்காது.

முன் சைட் பளபளக்கக் கூடாது. இதற்குக் கற்பூரத்தை மிஞ்சியது இல்லை. எண்ணெய் துடைத்த கம்பத்துக்குக் கீழே கொஞ்சம் கற்பூரத்தைக் கொளுத்திப் பிடித்தால் கண்மை மாதிரி கரி படியும், துளி மினுக்கம் இருக்காது. நம் கரையில் காலை வெயில் கடல் பக்கமிருந்து பக்கவாட்டில் அடிக்கும்போது இது ரொம்ப முக்கியம். கம்பத்தின் ஒரு பக்கம் மின்னினால் கண் அந்த மின்னலையே நடு என்று எடுத்துக்கொள்ளும், குண்டுகள் வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கமாக விலகிப் படும்.

சுடும்போது கம்பத்தை மட்டும் தெளிவாகப் பாருங்கள். அட்டையும் பின் சைட்டும் மங்கலாகத்தான் தெரியும், தெரியட்டும். கறுப்பு வட்டத்துக்கும் கம்பத்தின் தலைக்கும் நடுவே மயிரிழை வெள்ளை விட்டுப் பிடியுங்கள், கறுப்பில் கறுப்பைப் புதைத்தால் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது. ஸ்பிரிங் ரைபிளை இறுக்கிப் பிடிக்காமல் இடது உள்ளங்கையில் சும்மா கிடக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், அது அதன் போக்கில் உதைக்கட்டும். ஐந்து குண்டு சுட்டு, அந்தக் கூட்டத்தின் நடுவைப் பார்த்துத்தான் திருத்த வேண்டும், ஒற்றைக் குண்டைப் பார்த்து ஸ்க்ரூவைத் திருகாதீர்கள். பின் சைட்டைக் குண்டு போக வேண்டிய பக்கம் நகர்த்த வேண்டும், முன் சைட் என்றால் அதற்கு நேர் எதிர். எவ்வளவு என்பதற்கும் கணக்கு உண்டு: விலகலைச் சைட் இடைவெளியால் பெருக்கித் தூரத்தால் வகுக்கவும். 10 மீட்டரில் 25 மி.மீ. இடது பக்கம் விலகினால், 400 மி.மீ. இடைவெளிக்குப் பின் சைட்டைச் சரியாக 1 மி.மீ. வலது பக்கம் நகர்த்த வேண்டும்.

இடம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாடியில் சுடாதீர்கள், கைப்பிடிச் சுவரைத் தாண்டினால் அடுத்த வீட்டு மாடி. புதுச்சேரியில் திண்ணை, கூடம், முற்றம், கொல்லை என்று நீளமாகப் போகிற பழைய வீடுகளில் 10 மீட்டர் வீட்டுக்குள்ளேயே கிடைக்கும், ஆனால் நடுவே திறக்கிற எல்லாக் கதவும் உள்ளே தாழ் போட்டிருக்க வேண்டும். குண்டு போய் நிற்பதற்கு, பழைய செய்தித்தாளும் துணியும் திணித்த கெட்டியான பெட்டி, அதன் பின்னால் செங்கல் சுவர். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சுட வேண்டாம். பெல்லட் ஈயம், கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். பறவை, அணில் பக்கம் குறியே வைக்கக் கூடாது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அது இல்லாவிட்டாலும் கூடாது.

2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. பேரலும் 20 ஜூலுக்கு உட்பட்ட சக்தியும் இருந்தால் ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். 0.53 கிராம் பெல்லட் விநாடிக்கு 180 மீட்டரில் போனால் 8.6 ஜூல்தான் வரும், அட்டைக்கு அதுவே தாராளம். கட்டும்போது சைட்டிலும் கட்டையிலும் மட்டும் கை வையுங்கள், ஸ்பிரிங்கை மாற்றிச் சக்தி ஏற்றுகிற வேலை வேண்டாம், குறி கெடும், சட்டச் சிக்கலும் வரும். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கொண்டுபோவதென்றால் பையில் மூடி வைத்து, பில்லையும் அடையாள அட்டையையும் கூடவே வையுங்கள், முள்ளோடை சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னால் பேச்சு சீக்கிரம் முடியும்.

கடல் காற்றில் இரும்பு ஒரே வாரத்தில் செம்மண் பூக்கும். ஒவ்வொரு தடவை தொட்ட பிறகும் எண்ணெய்த் துணியால் பேரலைத் துடைத்து வையுங்கள், சைட் ஸ்க்ரூக்களுக்கு ஒரு சொட்டு போதும். கம்பத்தில் படிந்த கரியையும் சேர்த்துத் துடைத்து எண்ணெய் பூசிவிடலாம், அடுத்த முறை சுடுவதற்கு முன்னால் எண்ணெயை எடுத்துவிட்டுப் புதிதாகக் கற்பூரம் காட்டிக்கொள்ளுங்கள்.