சின்ன டிஸ்க் நிரம்பினால் செஃப் கிளஸ்டர் முழுதும் நிற்கும்: முன்கூட்டியே தடுப்பது எப்படி?

கொக்குவிலில் ஒரு டியூட்டரியின் பாட வீடியோக்களை வைக்க, மூன்று பழைய கணினிகளைச் சேர்த்து ஒரு செஃப் கிளஸ்டர் போட்டுக் கொடுத்தேன். செஃப் என்பது பல கணினிகளின் டிஸ்க்குகளை ஒரே சேமிப்பிடமாக்கி, ஒவ்வொரு கோப்பின் பிரதிகளையும் வெவ்வேறு கணினிகளில் வைக்கும் மென்பொருள். இரண்டில் தலா 4 டிபி. மூன்றாவதில் கையிலிருந்த 250 ஜிபி எஸ்எஸ்டி இரண்டு. மொத்தம் 8.5 டிபி, மூன்று பிரதிக்கு வகுத்தால் 2.8 டிபி வரும் என்று நினைத்தேன். உயர்தரப் பரீட்சைக்கு முந்தின கிழமை எல்லாம் நின்றபோதுதான் பிழை தெரிந்தது.

படி 1: உண்மையான இடத்தைப் பாருங்கள்

பிரதி மூன்று, கணினியும் மூன்று. அப்படியென்றால் ஒவ்வொரு கோப்பும் மூன்றாவது கணினிக்கும் போயே தீரும். இரண்டு பேர் கடகத்தோடும் ஒருவர் கொட்டைப்பெட்டியோடும் வந்து சமபங்கு கேட்ட கதைதான். கிடைப்பது 500 ஜிபிக்கும் குறைவு. ஓஎஸ்டி வெயிட்டை (எந்த டிஸ்க்குக்கு எவ்வளவு தரவு போகவேண்டும் என்ற எடையை) மாற்றிப் பயனில்லை, தெரிவு செய்ய நாலாவது கணினி இல்லையே.

'செஃப் டிஎஃப்' கட்டளையில் மொத்த அளவை விட்டுவிட்டு 'மேக்ஸ் அவெயில்' நிரலைப் பாருங்கள். முதலில் நிரம்பப்போகும் டிஸ்க்கை வைத்தே அது கணக்கிடுகிறது. டிஸ்க் வாரியாகப் பார்க்க 'செஃப் ஓஎஸ்டி டிஎஃப்'.

படி 2: எச்சரிக்கையை முன்னே இழுங்கள்

வழமையாக 85%இல் எச்சரிக்கை வரும், 90%இல் அந்த டிஸ்க்குக்குத் தரவு நகர்த்துவது நிற்கும், 95%இல் கிளஸ்டர் முழுதிலும் எழுதுவதே நிற்கும். சின்ன டிஸ்க்கில் 85க்கும் 95க்கும் இடையே 25 ஜிபிதான். சில வகுப்பு வீடியோக்களே போதும். 'செட்-நியர்ஃபுல்-ரேஷியோ' கொண்டு 0.70 ஆக்குங்கள்.

படி 3: கோட்டா போடுங்கள்

இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். ஒரு எஸ்எஸ்டி செத்தால், 10 நிமிடத்தில் செஃப் அதை ஒதுக்கிவிட்டு அதன் பங்கைப் பக்கத்து எஸ்எஸ்டியில் கொட்டத் தொடங்கும். இரண்டிலும் 60% இருந்தால், 300 ஜிபி 250க்குள் எப்படி அடங்கும்? அதனால் தலா 40%க்கு மேல் விடாதீர்கள். 'செஃப் ஓஎஸ்டி பூல் செட்-கோட்டா' மூலம் பூலுக்கு (செஃப்பில் தரவை வைக்கும் பிரிவுக்கு) 200 ஜிபி வரம்பு வையுங்கள். பூல்கள் பல என்றால் பிரித்துப் போடுங்கள்.

ஏற்கெனவே நிரம்பிவிட்டதா? 'செட்-ஃபுல்-ரேஷியோ'வை 0.97 ஆக்கி, தேவையற்றதை அழித்து, உடனே 0.95க்குத் திருப்புங்கள். ஆர்பிடி டிஸ்க் (செஃப் தரும் மெய்நிகர் டிஸ்க்) என்றால் உள்ளே கோப்பை அழித்தால் மட்டும் இடம் திரும்பாது, அழித்த இடத்தைச் செஃப்புக்குத் திருப்பிக் கொடுக்கும் 'எஃப்எஸ்டிரிம்' கட்டளையை ஓட்டவேண்டும். அரை மணித்தியாலம் முழித்துக்கொண்டிருந்து அறிந்தது இது.

அப்புறம் மூன்றாவது கணினிக்கும் ஒரு 4 டிபி வாங்கிப் போட்டு, எஸ்எஸ்டிகளைக் கழற்றிவிட்டோம்.